வெள்ளையாக விட்ட வீடுகள்

திட்டமிடல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் உங்கள் பயிற்சி மலருக்காக என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தீர்கள். 'நீங்கள் தயாரித்து நிறைவேறிய திட்டம் ஒன்றைப் பற்றி எழுதுங்கள்' என்று கடிதத்தில் இருந்தது. அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் நகரத் திட்டமிடல் கந்தோர் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தவள் நான். அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு ஆண்டுகளில் நான் கைவைத்த திட்டம் எதுவும் நிலத்தில் இறங்கவில்லை. வீதியை அகலிக்கக் கோடு போட்டால் அந்த வீதியில் மண்மூட்டை அடுக்கிவிடுவார்கள். சந்தைக்கு இடம் ஒதுக்கினால் அங்கே ஷெல் விழும். படத்தில் மை காய்வதற்குள் ஊர் வேறொன்றாகியிருக்கும்.

ஒரே ஒரு படம் மட்டும் முழுதாக நிறைவேறியது. மூன்று நாளில் வரைந்தேன். ஒரு கிழமைக்குள் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மலருக்குப் பொருந்தாவிட்டால் போட வேண்டாம். வாசித்தால் போதும்.

தொண்ணூறாம் ஆண்டின் முற்பகுதி. இந்தியப் படை போய், அடுத்த சண்டை தொடங்காமல் இருந்த சில மாதங்கள். அந்த இடைவெளியில் நகரத்துக் கிணறுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினோம். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நிலத்துக்கு அடியில் இருப்பதைத்தான் குடிக்கிறோம். அடியில் இருப்பதோ ஓட்டை விழுந்த சுண்ணாம்புக் கல். வீடுகள் நெருங்கிய இடங்களில் ஒரு வீட்டு மலக்குழியில் இறங்குவது அடுத்த வீட்டுக் கிணற்றில் ஊறும். எந்தக் கிணறு குடிக்கத் தக்கது, எது தகாது என்று தெரியாமல் இந்த நகரத்துக்குத் திட்டம் போடுவது வீண் வேலை என்று எங்களுக்குத் தோன்றியது.

என்னோடு வந்தவர் எங்கள் படவரைஞர் ஜலீல். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பது போல நான் அவரை நானா என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். நகரத்து முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவில் பிறந்து வளர்ந்தவர். எதையும் இரண்டு முறை அளக்காமல் எழுதமாட்டார். வீடு வீடாகப் போய் வீட்டுக்காரரின் பெயர், கிணறு, மலக்குழி, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் எல்லாவற்றையும் சின்ன உருண்டை எழுத்தில் குறிப்பேட்டில் பதிந்தார். குடிக்கக் கூடாத கிணறு என்றால் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம்.

அவருடைய வீட்டுக்கும் போனோம். பக்கத்து வீட்டு மலக்குழிக்கும் இவர் கிணற்றுக்கும் நடுவே நாடாவைப் பிடித்தோம். ஐம்பது அடி இருக்க வேண்டிய இடத்தில் முப்பதுகூட இல்லை. அவர் சிவப்புப் பேனையை எடுத்தார்.

"சொந்தக் கிணத்துக்கே சிவப்பு அடிக்கிற மனிசன்" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி றகீமா சிரித்தார்.

"நாங்கள் இதைக் குடிக்கிறேல்லைத்தானே" என்றார் நானா. "பள்ளிவாசல் கிணத்திலை அள்ளுறம். குளிக்க, உடுப்புத் தோய்க்க இது காணும்."

நான் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். இனிப்பாக இருந்தது. சொன்னேன்.

"ருசியான தண்ணி மிஸ். அதுதான் கூடாது. உப்பெண்டால் ஆரும் குடிக்கமாட்டினம்."

அந்த வேலை முடிந்தபோது பதினான்கு குறிப்பேடுகள் நிறைந்திருந்தன. அவற்றைப் பெரிய படத்தில் ஏற்றுவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. குறிப்பேடுகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். பூட்டின் திறப்பு நானாவிடம் இருந்தது.

ஆவணியில் நகரத்துக்கு மேற்கே உள்ள தீவுப் பகுதியை அரச படையினர் பிடித்தார்கள். அங்கிருந்த சனம் கையில் அகப்பட்டதோடு நகரத்துக்கு வந்து பள்ளிக்கூடங்களில் அடைந்தது. ஐப்பசிக் கடைசியில் மற்றது நடந்தது. ஊரை அப்போது ஆண்டுகொண்டிருந்த ஆயுததாரிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். சில மணித்தியாலங்கள்தான் கொடுத்தார்கள். எதையும் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். காரணம் என்று என்னென்னவோ சொன்னார்கள். நாங்கள் யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை.

அன்று முற்பகல் நான் கந்தோரில் இருந்தேன். ஒலிபெருக்கிச் சத்தம் தூரத்தில் கேட்டது. எழுதுவினைஞரும் நானும் காவலாளியும் ஆளுக்கொரு மேசையில் குனிந்திருந்தோம். நானா நடந்து வந்தார். எப்போதும் சைக்கிளில் வருபவர். என் மேசைக்கு முன்னால் நின்று திறப்பை வைத்தார்.

"அலுமாரித் திறப்பு மிஸ். புத்தகம் பதினாலும் உள்ளுக்கை இருக்கு. எண்ணிப் பாருங்கோ."

"சரி நானா" என்றேன்.

அவர் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். வீதியில் யாராவது நின்று பார்க்கிறார்களோ என்ற பயம் எனக்கு. மேசையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவருடைய செருப்புச் சத்தம் வாசல் வரை போய் நின்றுவிட்டது.

அன்றைக்கு நான் என்ன செய்திருக்க முடியும் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாதுதான். ஆனால் நிமிர்ந்து பார்த்திருக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்பட்டிருக்காது.

கார்த்திகை மழை தொடங்கியது. எங்கள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். வயதான, கெட்டவர் என்று சொல்ல முடியாத மனிதர்.

"பிள்ளை, மூண்டு நாளுக்குள்ளை ஒரு படம் வேணும். ஆளில்லாத வீடு எல்லாத்தையும் காட்ட வேணும். ஸ்கூலிலை கிடக்கிற சனத்தை அதுகளிலை விடப் போகினம்."

"எந்தப் பகுதி சேர்?"

"தெரியாத மாதிரிக் கேக்காதையும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒருக்கால் ஸ்கூலுக்குப் போய்ப் பாத்திட்டு வாரும். பிறகு என்னோடை கதையும்."

போனேன். மேசைகளைச் சேர்த்து அதன்மேல் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு மனிசி குடையைப் பிடித்துக்கொண்டு அடுப்பு ஊதினாள். இரண்டு மலசலகூடங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. திரும்பி வந்து தாளை விரித்தேன்.

அந்த வீடுகளுக்கு எந்த நிறம் கொடுப்பது? படத்தின் மூலையில் நிறங்களுக்குப் பொருள் சொல்லும் பெட்டி ஒன்று இருக்கும், உங்களுக்குத் தெரியும். குடியிருப்பு மஞ்சள். கடை நீலம். ஆளும் பயனும் இல்லாத வெற்று நிலம் வெள்ளை. வீட்டுக்காரரைத் துரத்திவிட்ட வீட்டுக்கு அந்தப் பெட்டியில் நிறம் இருக்கவில்லை. மேலதிகாரியிடம் கேட்டேன். "ஆள் இல்லையெண்டால் வெற்றுத்தானே" என்றார்.

வெள்ளை போடுவது வேலையே இல்லை. தூரிகையை எடுக்காமல் விட்டால் போதும். சோனகதெருவையும் அதைச் சுற்றியிருந்த ஒழுங்கைகளையும் வெள்ளையாக விட்டுச் சுற்றிவரக் கோடு போட்டேன். மூன்றாம் நாள் பின்னேரம் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

அலுமாரியை நான் திறக்கவில்லை. பதினான்கு புத்தகங்களிலிருந்து கிணற்று விபரத்தைப் படத்தில் ஏற்ற இரண்டு கிழமை ஆகும். பிள்ளைகள் மழையில் நனைகின்றன. அவசரத்துக்கு இது பிறகு செய்ய வேண்டிய வேலை என்று எனக்கு நானே சொன்னேன். அது உண்மை. இன்னொரு உண்மையும் உண்டு. அந்த எழுத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டில் எது என்னைத் தடுத்தது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அவசரம் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் அதற்குப் பின்னால் வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கிழமைக்குள் சனம் அந்த வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 'நல்ல வேலை செய்தனீர்' என்றார் மேலதிகாரி. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இரண்டு கிழமை போயிருக்கும். நகரத்துக்குப் பொறுப்பான சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார்.

"மிஸ், சோனகதெருப் பக்கம் வயித்தோட்டம் தொடங்கியிட்டுது. நீங்கள் கிணறெல்லாம் பாத்தனீங்களெல்லே? அந்தக் கணக்கு எங்கை?"

அப்போதுதான் அலுமாரியைத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு வட்டங்கள். அந்தப் பகுதியில் அரைவாசிக் கிணறுகளுக்கு மேல் 'குடிக்கக் கூடாது' என்று எழுதியிருந்தது. பரிசோதகர் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார்.

"இது முந்தியே இருந்ததோ?"

"ஓம்."

"அப்ப படத்திலை ஏன் போடேல்லை?"

"நேரம் காணேல்லை."

அவர் என்னை ஏசவில்லை. புத்தகங்களைப் பொலித்தீனில் சுற்றிச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார். "வாங்கோ" என்றார்.

சிவப்பு வட்டம் போட்ட வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனோம். ஜலீல் நானாவின் வீடும் வந்தது. தீவுப் பகுதியில் வேலணையிலிருந்து வந்த பாக்கியம் என்ற பெண் அங்கே இருந்தாள். முப்பது வயது இருக்கும். அவளுடைய நான்கு வயது மகள் இரண்டு நாளைக்கு முன் வயிற்றோட்டத்தில் செத்துப்போயிருந்தாள். வாசல் படலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "தண்ணி எங்கை அள்ளுறனீங்கள்?" என்று கேட்டேன்.

"உதிலைதான்" என்று கிணற்றைக் காட்டினாள். "அருமையான தண்ணி மிஸ். எங்கடை பக்கம் ஒரு குடம் நல்ல தண்ணிக்கு ரெண்டு கட்டை தூரம் நடக்க வேணும். இது வாசலிலை. வந்த அண்டைக்குப் பிள்ளை வாளியோடை வாய் வைச்சுக் குடிச்சவள்."

"இந்தத் தண்ணி குடிக்கேலாதம்மா" என்றார் பரிசோதகர்.

"உப்பில்லையே ஐயா."

"உப்பில்லை. ஆனால் பக்கத்து வீட்டு மலக்குழி கிட்ட இருக்கு. அங்கையிருந்து ஊறுது" என்றேன் நான்.

அவள் மதிலுக்கு அப்பால் பார்த்தாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"முந்தி அளந்தனாங்கள்."

"முந்தியெண்டால்? எங்களை இஞ்சை கொண்டு வந்து விடேக்கை தெரியுமோ?"

பரிசோதகர் குறுக்கே வந்தார். "அம்மா, அந்த நேரத்திலை எல்லாருக்கும் அவசரம்…"

"ஐயா, நான் மிஸ்ஸைத்தான் கேட்டனான்."

"தெரியும்" என்றேன்.

அவள் அழுவாள், மண் அள்ளி எறிவாள் என்று நினைத்தேன். அவளோ, "இந்த வீட்டுக்காரருக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"அவர்தான் அளந்து எழுதினவர்."

"அவையள் இருந்திருந்தால் சொல்லியிருப்பினம்" என்றாள். பிறகு தனக்குள் கணக்குப் பார்ப்பவள் போல, "அவையள் இருந்திருந்தால் நாங்கள் வந்திருக்கமாட்டம்" என்றாள்.

எழுந்து போய்க் கிணற்றுக் கப்பியிலிருந்து கயிற்றை உருவினாள். வாளியோடு சேர்த்துச் சுற்றி எடுத்து வந்து என் காலடியில் வைத்தாள். "கொண்டுபோங்கோ. இது இஞ்சை கிடந்தால் மற்றதும் குடிச்சுப்போடும்." உள்ளே அவளுடைய சின்னப் பெடியன் பாயில் படுத்திருந்தான்.

நாங்கள் திரும்பும்போது, சாத்தியிருந்த ஓர் அறையைக் காட்டினாள். "அதை நாங்கள் திறக்கேல்லை மிஸ். அவையின்ரை சாமான். அவையைக் கண்டால் சொல்லுங்கோ."

ஒரு மோட்டார்த் திருத்தகத்தில் மிஞ்சிக் கிடந்த அரைப்பேணி சிவப்புப் பெயின்றை வாங்கிக்கொண்டு நானும் பரிசோதகரும் நான்கு நாள் கிணற்றுக் கட்டுகளில் வட்டம் போட்டோம். 'அப்ப எங்கை குடிக்கிறது?' என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். பள்ளிவாசல் கிணறு நல்ல கிணறு. ஆனால் பள்ளிவாசலை ஆயுததாரிகள் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பூட்டைத் திறப்பிக்க இரண்டு நாள் ஒவ்வொரு வாசலாக அலைந்தோம். அந்த இரண்டு நாளில் இன்னொரு வீட்டில் ஒரு பிள்ளை செத்தது. எல்லாமாக மூன்று பிள்ளைகள், எனக்குத் தெரிந்து.

நான் மேலதிகாரியிடம் போனேன்.

"சேர், அந்தப் படத்தைத் திருப்பி எடுக்க வேணும்."

"ஏன்? சனம் போய் இருந்திட்டுதுதானே."

"வீட்டுக்கு வீடு எழுத வேணும். ஆரின்ரை வீடு, இப்ப ஆர் இருக்கினம், கிணறு எப்பிடி எண்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆரின்ரை வீடெண்டு எழுதினால் ஆருக்குக் கரைச்சலெண்டு தெரியுமோ? எனக்கும் உமக்கும். நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"நான் வைக்கிறன்."

"வீட்டிலை உம்மை நம்பி ஒரு தாய் இருக்கிறா. யோசியும்."

யோசித்தேன். அதனால்தான் இரண்டு கிழமையில் முடிய வேண்டிய படம் மாசி வரை இழுபட்டது. ஒரு நாள் வரைவேன், அடுத்த மூன்று நாள் தாளைச் சுருட்டி வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன். நான் துணிச்சல்காரி என்று இதை வாசித்துவிட்டு யாரும் நினைக்க வேண்டாம்.

இந்த முறை அந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் அடித்தேன். மஞ்சளுக்கு மேல் சாய்கோடுகள் போட்டேன். மூலைப் பெட்டியில் அதற்குப் பொருள் எழுதினேன்: வீட்டுக்காரர் வெளியே, இன்னொருவர் தற்காலிகமாக உள்ளே. கூட ஒரு பட்டியல். ஒவ்வொரு எண்ணுக்கும் வீட்டுக்காரரின் பெயர், இருப்பவரின் பெயர், கிணற்றின் நிலை. முதல் படத்தில் ஜலீல் நானாவும் இருக்கவில்லை, பாக்கியமும் இருக்கவில்லை. இரண்டு பேரையும் ஒரே வரியில் எழுதியபோதுதான் அந்த வீடு எனக்கு வீடாகத் தெரிந்தது.

படம் மேசையில் கிடந்த மூன்றாம் நாள் ஊரை ஆண்டவர்களின் பக்கத்திலிருந்து இளைஞர் இருவர் வந்தார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒருவன் வாசலில் நின்றான். மற்றவன் படத்துக்கு மேல் குனிந்தான். மரியாதையாகத்தான் கதைத்தான்.

"இதேன் அக்கா மஞ்சள்? முதல் வெள்ளையெல்லே இருந்தது?"

"கிணத்து விபரம் சேத்திருக்கிறன் தம்பி."

"கிணத்துக்கு ஏன் உவையின்ரை பேர்? உவை திரும்பி வருவினமெண்டு ஆர் சொன்னது?"

அது அவர்களுடைய வீடு என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. நான் சொன்னது வேறு: "குறிப்பெல்லாம் பழைய வீட்டுக்காரற்றை பேரிலைதான் இருக்கு. பேர் இல்லாட்டில் எந்தக் கிணறு கூடாத கிணறெண்டு பிடிக்கேலாது. பிறகும் பிள்ளையள் சாகும்."

அவன் கொஞ்ச நேரம் பட்டியலைப் பார்த்தான். "பிள்ளையள் செத்தது உண்மையோ?"

"ஓம். மூண்டு."

"அப்ப மேலை கிணத்துப் படமெண்டு எழுதுங்கோ. படத்துக்கு வேறை தலைப்பு வேண்டாம்" என்றான். போய்விட்டார்கள்.

எழுதினேன். 'கிணற்று நிலைப் படம்' என்ற பெயரில்தான் அந்தப் பெயர்ப் பட்டியல் தப்பியது. நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதையும் நான் சொல்லவில்லை. அந்த மேசையில் உங்களில் ஒருவர் இருந்திருந்தால் என்னைவிட நன்றாகப் பதில் சொல்லியிருப்பீர்களோ, தெரியாது. நான் சொன்ன பதிலால் படம் கிழிபடாமல் இருந்தது என்பது மட்டும் தெரியும்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் படத்தின் பிரதிகள் ஊரில் பல கைகளுக்குப் போயிருந்தன. கேட்டேன், யாரும் திருப்பித் தரவில்லை. வெள்ளை என்றால் யாருக்கும் உரியதல்ல என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஓடு கழற்ற வந்தவர்கள், கூரை வளை கழற்ற வந்தவர்கள், யன்னல் நிலை பெயர்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த வெள்ளை வசதியாக இருந்தது. இருக்கிற சனம் தடுத்துப் பார்த்தது. 'இது உங்கடை வீடோ?' என்று கேட்டால் அவர்களிடம் என்ன பதில் இருக்கும்? நானாவின் வீட்டில் சாத்தி வைத்திருந்த அறையையும் ஒரு நாள் உடைத்தார்கள். பாக்கியம் கந்தோருக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். ஒருமுறை வெளியே விட்ட படத்தைத் திரும்ப அழைக்க முடியாது. இதை நீங்கள் வேறு யாரிடமும் படிக்கத் தேவையில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தொடக்கத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. துப்பாக்கிகள் கொஞ்சம் ஓய்ந்திருந்தன. கந்தோர் அலுவலாகக் கொழும்புக்குப் போக எனக்குப் பயண அனுமதிப் பாஸ் கிடைத்தது. கிளாலியில் வள்ளம் ஏறி, பஸ் மாறி மாறிப் போனேன். திரும்பும்போது புத்தளத்தில் இறங்கினேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்டவர்களின் முகாமைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. தென்னந்தோட்டத்துக்குள் வரிசையாகக் கிடுகுக் கொட்டில்கள். ஜலீல் நானா உப்பளத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். தலைமயிர் முழுக்க நரைத்திருந்தது. பென்சிலை இறகு போலப் பிடித்த விரல்கள் உப்பில் வெடித்துக் காய்ந்திருந்தன.

"புத்தகம் பதினாலும் இருக்கோ?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இருக்கு நானா."

கொட்டிலுக்கு முன்னால் கிடந்த மரக்குற்றியில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைப் படம், அலுமாரியைத் திறக்காமல் விட்டது, அவருடைய கிணறு, பாக்கியத்தின் மகள். உள்ளே றகீமா தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நடுவில் நின்றுபோயிற்று.

"பிள்ளையின்ரை பேரென்ன?"

"சுகந்தி."

"எத்தினை வயசு?"

"நாலு."

அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சொன்னார்: "அண்டைக்கு நான் திறப்புத் தர மட்டும் வரேல்லை மிஸ். எங்கடை வீடு சும்மா கிடக்காதெண்டு தெரியும். ஆரையும் கொண்டு வந்து விடுவினம். வாறவையைக் கிணத்துத் தண்ணி குடிக்க விடாதையுங்கோ எண்டு சொல்லத்தான் நிண்டனான். நீங்கள் நிமிரேல்லை. உங்களுக்குப் பயமெண்டு விளங்கிச்சுது. நான் நிண்டால் உங்களுக்குக் கரைச்சலெண்டு போட்டு வந்திட்டன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

றகீமா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். சுகந்தியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீட்டைப் பற்றிக் கேட்டார். எந்த அறையில் யார் படுக்கிறார்கள், முற்றத்து மல்லிகை நிற்கிறதா, குசினிக் கூரை ஓடுகளை யாராவது மாற்றினார்களா. நான் தெரிந்ததைச் சொன்னேன். அறை உடைத்ததைச் சொல்லவில்லை.

பஸ் தரிப்பு வரை நானா வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்ததும் சொன்னார்: "மிஸ், குறை நினைக்காதையுங்கோ. இனி இஞ்சை வராதையுங்கோ. ஊரிலையிருந்து ஆர் வந்திட்டுப் போனாலும் றகீமா சாமான் கட்டத் தொடங்கியிடுவா. அவிழ்க்கப் பண்ண எனக்கு ஒரு மாசம் செல்லும்."

தலையாட்டினேன். ஏறினேன். பிறகு நான் போகவில்லை.

அந்தப் பதினான்கு புத்தகங்களும் இன்றைக்கு உங்கள் ஆவண அறையில் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அறிந்தேன். பிந்திய காலத்தில் விதிகளைத் திருத்தும் குழுவில் என்னைப் போட்டபோது நான் விடாப்பிடியாகக் கேட்டது ஒன்றுதான்: உரிமையாளர் வெளியே இருக்கும் காணியை வெற்று நிலம் என்று எந்தப் படத்திலும் காட்டக் கூடாது. அதற்குத் தனி நிறம் வேண்டும். அந்தச் சாய்கோடு உங்கள் பெட்டியில் இப்போது இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று இதுவரை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். உங்கள் திரையில் ஓரிடம் வெறுமையாகத் தெரிந்தால் கதிரையை விட்டு எழுந்து அங்கே போங்கள். முன்னர் அங்கே யார் இருந்தார்கள், அந்த மண்ணைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று விசாரியுங்கள். அவர்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும்.

புத்தளத்திலிருந்து நான் திரும்பி வந்த அதே ஆண்டு ஐப்பசியில் அரச படை நகரத்தை நெருங்கியது. இந்த முறை அதே ஆயுததாரிகள் எங்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். ஒரு பின்னேரம், மழை. கந்தோரிலிருந்து கொண்டுவந்த பதினான்கு புத்தகங்களையும் பொலித்தீனில் சுற்றிச் சைக்கிளில் கட்டினேன். அம்மா ஒரு பையோடு படலையில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தா. நான் திரும்ப உள்ளே போய் ஒரு தாள் எடுத்து எழுதினேன்: 'இந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாம். மலக்குழி மேற்கு மூலையில் இருக்கிறது, அந்தப் பக்கம் கிணறு தோண்ட வேண்டாம். குசினிச் சுவர் ஷெல் அதிர்வில் வெடித்திருக்கிறது, பிள்ளைகளை அதன் கீழ் படுக்க விடாதீர்கள்.' அதைக் குசினிக் கதவில் நான்கு மூலையும் ஆணி வைத்து அடித்தேன்.

அம்மா வந்து பார்த்தா. "ஆருக்கடி எழுதிறாய்?"

"வாறவைக்கு."

"ஆர் வருகினம்?"

"தெரியாதம்மா."

வருபவர்கள் சிங்களப் படையினர் என்றால் தமிழ் வாசிக்கத் தெரியுமா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. நகரத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்போதுதான் அது தோன்றியது. அதற்குள் திரும்ப முடியாத அளவுக்குப் பின்னால் சனம் நிறைந்துவிட்டது.

ஆறு மாதம் கழித்து வீடு திரும்பியபோது குசினிக்குக் கதவு இருக்கவில்லை.